இரைப்பை பைபாஸ் முடிந்து எட்டு மாதம்: குழந்தைக்கு எப்போது முயலலாம்?

நொய்யல்கரை (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சினைப்பை நீர்க்கட்டியும் தைராய்டும் சேர்ந்து எடை 112 கிலோ வரை போய்விட்டதால், சென்ற ஆண்டு ஆடி முடிந்த கையோடு கோவையில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும்) அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். என் உயரம் 158 சென்டிமீட்டர். எட்டு மாதம் முடிந்த நிலையில் இப்போது 81 கிலோ இருக்கிறேன். சென்ற மாதம் மட்டும் மூன்று கிலோ இறங்கியது.

முன்பெல்லாம் மாத்திரை போட்டால்தான் வரும் மாதவிலக்கு, சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து 30 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. மகிழ்ச்சியும் குழப்பமும் அங்கேதான் தொடங்கின. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், "18 மாதம் கழியட்டும், அதற்குள் குழந்தைப் பேச்சே வேண்டாம்" என்கிறார். மகப்பேறு மருத்துவரோ, சினை முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். 1.4 என்று வந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 34 வயது, 12 மாதம் போதும், ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்" என்கிறார். இருவர் மீதும் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் இதுவரை பார்த்ததில்லை.

மாமியார் நேராக ஒன்றும் கேட்பதில்லை. எந்தச் சீர் வீட்டுக்குப் போனாலும், "அம்மணி மெலிஞ்சிட்டாளே, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள், அப்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பன்னிரண்டு மாதமா, பதினெட்டா? அந்தக் கணக்குக்குக் காரணம் என்ன? அதுவரை கருத்தடைக்கு, அலமாரியில் இருக்கும் பழைய மாத்திரை அட்டையையே தொடரலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

பவானிக்கரை (கோபி):

தங்கச்சி, நான் செய்துகொண்டது ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் சிகிச்சை), 2019-இல். உங்களைப் போலவே எனக்கும் நீர்க்கட்டி இருந்தது. ஆறு ஆண்டு முயன்றும் தங்காத கரு, சிகிச்சைக்குப் பின் ஐந்தாம் மாதத்தில், நாங்கள் எதிர்பாராத நேரத்தில் தங்கிவிட்டது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த மாதங்களில் இட்லி ஒன்று கூடுதலாக உண்டாலும் வாந்தி வந்துவிடும். மாத்திரையும் அதோடு வெளியே போயிருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனபோதுகூட எடை குறைகிற காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன்.

கருவைக் கலைக்கச் சொல்லி எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மிக நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அப்போது என்னால் ஒரு நாளைக்கு 40 கிராம் புரதம்கூட உண்ண முடியவில்லை. வயிற்றில் பிள்ளை வளர வேண்டிய மாதங்களில் தராசில் என் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு பின்தங்கியிருப்பதாகத் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன். 36-ஆம் வாரத்தில் 2.1 கிலோ எடையில் பிறந்தான். முதல் நாள் அவன் மணிக்கட்டில் கட்டிய பெயர்ப் பட்டை, இறுக்கி மாட்டியும் முழங்கை வரை ஏறி இறங்கியது. இன்று நன்றாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான். ஆனாலும் அந்த மாதங்களில் நான் தூங்கிய இரவுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். 12 மாதமா 18 மாதமா என்பதை மருத்துவர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன், இன்றைக்கே, கருத்தடைக்கு உறுதியான வழி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது என்றால் கரு தங்குகிற காலம் வந்துவிட்டது என்றே பொருள்.

*

கரூர் மாப்பிள்ளை:

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். என் சித்தி மகள் சிகிச்சை முடிந்து ஏழாம் மாதத்தில் உண்டாகி, மூன்று கிலோவில் பிள்ளை பெற்றாள். கடவுள் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

*

ஓய்வுபெற்ற செவிலியர் (பெருந்துறை):

கரூர்த் தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே கருவுற்றவர்களில் பலருக்கு நல்லபடியாகவே பிரசவமாகிறது. அப்படி உண்டாகிவிட்டவர்கள் யாரும் கலங்கக் கூடாது. ஆனால் "உண்டாகிவிட்டால் என்ன செய்வது" என்பதும், "எப்போது முயலலாம்" என்பதும் வெவ்வேறு கேள்விகள். இந்தச் சகோதரி கேட்டிருப்பது இரண்டாவதை. நான் 31 ஆண்டுகள் பிரசவ வார்டில் இருந்தவள், மருத்துவர் அல்ல. அந்த அளவில் என் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 12 முதல் 24 மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் 12 முதல் 18 மாதம் என்கிறார்கள். உங்கள் இரு மருத்துவர்களும் இந்த எல்லைக்கு உள்ளேதான் பேசுகிறார்கள். ஒருவர் நடுவில் நிற்கிறார், மற்றவர் முன்முனைக்கு அருகில் நிற்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு. எடையின் பெரும்பகுதி முதல் 12 முதல் 18 மாதத்துக்குள் இறங்குகிறது என்பதிலிருந்துதான் இந்தக் கணக்கே வந்தது. எடை இறங்குகிற உடல் தன் சேமிப்பைக் கரைத்துத் தானே உண்டு வாழ்கிற உடல். அந்த நேரத்தில் இன்னொரு உயிர் வந்து கேட்டால் கொடுக்க இரும்பும் பி12-உம் புரதமும் கையிருப்பில் இருக்காது. ஆகவே நாட்காட்டியைவிட எடை அட்டையைப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து எடை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால், 13-ஆம் மாதமானாலும் முயலலாம்; இல்லையென்றால் 18 முடிந்தும் பொறுக்கத்தான் வேண்டும். மாதம் மூன்று கிலோ குறைகிற நிலையில் இருப்பவர் இன்று முயலக் கூடாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இந்தச் சிகிச்சையால் கர்ப்பத்துக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் கருவுற்ற 670 பேரை, சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு இருந்த அதே எடையோடு சிகிச்சை செய்யாமல் கருவுற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 6.8 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்திருந்தது. வளர்ச்சிக்கு மிஞ்சிய பெரிய குழந்தைகளும் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. ஆனால் வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகள் 7.6 சதவீதத்திலிருந்து 15.6 சதவீதமாகக் கூடியிருந்தன. சிகிச்சை தாய்க்கு நல்லதே செய்திருக்கிறது. பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய உணவில்தான் நாம் கண்ணாக இருக்க வேண்டும்.

ஏ.எம்.எச். பற்றி ஒரு சொல். சினை முட்டைகளின் இருப்பு எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். இயல்பாகக் கரு தங்குமா, எத்தனை மாதத்தில் தங்கும் என்பதைச் சொல்லாது. 34 வயதில் ஐந்தாறு மாதம் பொறுப்பதால் இழப்பது சிறிது. உங்களுக்கு 39 வயதாக இருந்திருந்தால் நானே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கருத்தடைக்கு அந்தப் பழைய மாத்திரை அட்டை வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரை குடலில் முழுவதும் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. காப்பர்-டி நல்லது, அரசு மருத்துவமனைகளில் செலவின்றிப் போடுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் அந்த மாதமே கரு தங்கலாம். ஆனால் அது மாதவிலக்கில் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது, எனவே இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் பொருத்தமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்; அதை நிறுத்திய பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாதம்கூட ஆகலாம், நீங்களோ அடுத்த ஆண்டுக்குள் எதிர்பார்க்கிறீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டாகிய பிறகு உதவும், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உண்டுவிட்டு வந்தாலும் வெறும் வயிற்றோடு வந்தாலும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவர் அந்த ஒரு டம்ளரைக் குடித்தால் சர்க்கரை நேராகக் குடலில் இறங்கி, வியர்த்து, படபடத்து, சில வேளை மயங்கியும் விழலாம். பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) பதியும் நாளிலேயே உங்கள் அறுவை சிகிச்சைச் சீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக 24 முதல் 28-ஆம் வாரத்துக்குள் ஒரு வாரம் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்திலும் இதை மறக்காதீர்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் செய்த கச்சாயத்தை ஆளாளுக்கு ஒன்றாக வாயில் ஊட்டுவார்கள், குளுக்கோஸ் டம்ளருக்கும் அதற்கும் குடல் வேறுபாடு பார்ப்பதில்லை.

மற்றொன்று வயிற்று வலி. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருப்பை பெரிதாகும்போது, சிகிச்சையால் வயிற்றுக்குள் உண்டான இடைவெளிகளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். வெளியே எதுவும் தெரியாது. விட்டு விட்டு வரும் மேல்வயிற்று வலி, வாந்தி என்று வந்தால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டாம்; அறுவை சிகிச்சை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நிற்காதவர்களுக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும் என்பதையும் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

சிசேரியன்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தச் சிகிச்சை செய்ததாலேயே சிசேரியன் தேவைப்படுவதில்லை.

*

மருந்துக்கடைக்காரர் (பொள்ளாச்சி):

அக்கா விரிவாகச் சொல்லிவிட்டார். மாத்திரைகளைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் கடைக்கு வரும் இத்தகைய பெண்களில் பெரும்பாலோர் எல்லா மாத்திரைகளையும் காலையில் காப்பியோடு ஒரே வாயில் போட்டு விழுங்குகிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரும்புச் சத்தைச் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இந்த இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. காப்பி, தேநீர் இரும்பின் பகை. பைபாஸ் செய்தவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்தில் கார்பனேட்டைவிட சிட்ரேட் வகையே உடலில் சேரும், ஏனென்றால் அதைக் கரைக்க அமிலம் அதிகம் தேவைப்படாது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தைக் கருவுற்ற பிறகல்ல, முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். பொதுவாக 400 மைக்ரோகிராம் போதும். உடல் நிறைக் குறியீடு 30-க்கு மேல் இருந்தால் 5 மில்லிகிராம் எழுதுவார்கள்; இவர் சொல்லும் உயரத்துக்கும் எடைக்கும் அது 32-க்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் பி12 அளவைப் பார்க்காமல் இந்தப் பெரிய அளவைத் தானாகத் தொடங்கக் கூடாது. ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மட்டும் மறைத்துவிடும், பி12 குறைவால் நரம்புக்கு வரும் கேடு உள்ளே தொடரும்.

சிகிச்சைக்குப் பின் எழுதிக் கொடுத்த பல்சத்து மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வைட்டமின் ஏ என்ற இடத்தில் ரெட்டினால் என்று இருந்தால், கருவுற முயலும் முன் மருத்துவரிடம் காட்டி பீட்டா கரோட்டின் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; ரெட்டினால் அளவுக்கு மீறினால் கருவுக்குக் கேடு. எடைக்காக செமாக்ளுடைட் ஊசி போடுகிறவர்கள், முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அதுவும் இப்போது கடைகளில் அதிகமாகக் கேட்கப்படுவதால் சொல்கிறேன்.

*

பவானிக்கரை (கோபி):

புரதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், தங்கச்சி. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். பொடி மட்டும் குடித்தால் நாக்கு மரத்துவிடும். நான் கொள்ளை வேகவைத்துக் கடைந்து, தண்ணீரை ரசமாக வைத்துவிட்டு, கடைந்ததைச் சோறு இல்லாமல் கிண்ணத்தில் போட்டு உண்டேன். நம் வீட்டு அரிசியும் பருப்பும் சாதத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் இருக்கும் பங்கைத் தலைகீழாக்கினாலும் நன்றாகவே இருக்கிறது. மாமியார் மட்டும் "இது பருப்பும் அரிசியும்" என்று சிரித்தார்.

*

நொய்யல்கரை (திருப்பூர்):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருந்துறை அக்கா எழுதியதைப் படித்த பிறகு இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் கொண்டுபோனேன். இருவரும் கைப்பேசியில் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். இத்தனை மாதமாக நான் சுமந்த குழப்பம் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சத்தின் கையிருப்பு) 8, பி12 190 என்று வந்திருக்கிறது. இந்த ஃபெரிட்டினை வைத்துக்கொண்டு சென்ற மாதம் உண்டாகியிருந்தால், முதல் மூன்று மாதம் இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றியும் இருக்க முடியாதாம். இப்போதே ஏற்றிவிட்டார்கள். பி12 ஊசியும் தொடங்கியாகிவிட்டது. காப்பர்-டி வேண்டாம் என்று சொல்லி, ஹார்மோன் சாதனத்தைப் பற்றி விளக்கினார்கள். சில மாதங்களுக்காக அதைப் போடவா என்று யோசித்து, நாங்கள் ஆணுறையையே ஒரு நாளும் தவறாமல் பயன்படுத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஃபோலிக் அமிலம் ஆடியில் தொடங்க வேண்டும். எடை அதற்குள் நின்று, மறுபடி எடுக்கும் பரிசோதனையும் சரியாக இருந்தால் ஐப்பசியில், அதாவது 14-ஆம் மாதம் முடிந்ததும், முயலலாம் என்று இருவரும் ஒரே சீட்டில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டை மாமியாரிடமே கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு பால் கணக்கு எழுதும் நாட்காட்டியை எடுத்து, காலை ஆறு மணிக்குத் தைராய்டு, பதினொன்றுக்கு இரும்பு, இரண்டரைக்குச் சுண்ணாம்பு என்று பென்சிலால் எழுதி அடுப்படிக் கதவில் மாட்டினார். பொள்ளாச்சி அண்ணன் சொன்ன பல்சத்து மாத்திரை அட்டையையும் திருப்பிப் பார்த்தேன். ரெட்டினால்தான் இருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆடியில் எடுக்கும் பரிசோதனையின் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.